பெயரும் முகமும்: ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களின் வழியே தமிழ் நாடக அச்சு மரபை அணுகுதல்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் எடோ காலத்தில் (1603–1868) செழித்த உகியோ-எ என்னும் மரக்கட்டை அச்சுப்படங்கள், கணிகையரையும் கபுகி நடிகர்களையும் தம் முதன்மைப் பாடுபொருளாகக் கொண்டன. தமிழகத்தில் தேவரடியார், நாடக நடிகையர் ஆகியோரின் உருவும் பெயரும் கல்வெட்டு, ஓவியத் தொகுதி, நாடக நோட்டீசு, நாட்காட்டிப் படம் எனப் பல ஊடகங்களில் சிதறிப் பதிவாகியுள்ளன. இவ்விரு மரபுகளையும் ‘பெயர்’, ‘முகம்’ என்னும் இரு அளவுகோல்களால் ஒப்பிட்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கொங்கு நாட்டுக் கொடுமுடியைச் சேர்ந்த கே.பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வு இவ்வொப்பீட்டின் மையச் சான்றாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: உகியோ-எ, கபுகி, தேவரடியார், நாடக நோட்டீசு, நாட்காட்டி ஓவியம், கே.பி. சுந்தராம்பாள், கொங்கு நாடு.

முன்னுரை

ஆடலையும் பாடலையும் தொழிலாகக் கொண்ட பெண்களைச் சமூகம் ஒருபுறம் விரும்பிப் பார்த்தது; மறுபுறம் விலக்கி வைத்தது. இந்த இரட்டை நிலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிலும் அவ்வாறே இருந்தது. எனினும், அங்கு அச்சுத்தொழில் அப்பெண்களின் உருவத்தைப் பெயரோடு ஆயிரக்கணக்கான படிகளாக்கி மக்கள் கையில் சேர்த்தது. தமிழகத்தில் அச்சு வந்த பின்னரும் அத்தகைய தொடர்ச்சியான படமரபு தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை, அதற்கு ஈடாக இங்கு எவை தோன்றின என்பன ஆராயத்தக்க வினாக்கள்.

இவ்வினாக்களுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் மலிவான தாளில், ஒருநாள் பயன்பாட்டிற்காக அச்சிடப்பட்டவை. அவை நாள்தோறும் அழிந்து வருகின்றன. அவற்றோடு, வேறெங்கும் பதிவாகாத பெண்கலைஞர் பெயர்களும் அழிகின்றன. எஞ்சியவற்றை எவ்வாறு வாசிப்பது, எவ்வாறு அட்டவணைப்படுத்துவது என்பதற்கு ஜப்பானிய மரபைப் பற்றிய அறிவு துணைசெய்யும்.

மிதக்கும் உலகின் அச்சுப்படங்கள்

‘உகியோ’ என்னும் சொல் தொடக்கத்தில் துன்பமும் நிலையாமையும் நிறைந்த உலகைக் குறித்த பௌத்தச் சொல்லாகும். எடோ நகர வணிகர்களிடையே அதே ஒலியுடைய சொல் ‘மிதக்கும் உலகு’ எனப் பொருள் மாறி, நிலையாத இன்பங்களின் உலகைக் குறிக்கலாயிற்று. ‘எ’ என்பது படம். அவ்வுலகின் இரு தூண்களாக யொஷிவாரா என்னும் உரிமம் பெற்ற கணிகையர் குடியிருப்பும் கபுகி அரங்குகளும் விளங்கின. யொஷிவாரா 1617இல் அரசின் ஒப்புதல் பெற்றது. 1657இல் எடோவை அழித்த பெருந்தீக்குப்பின் அசாகுசாவுக்கு அப்பால் இடம் மாற்றப்பட்டது.

கபுகியின் தோற்றமே ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறது. இசுமோ ஆலயத்தின் பணிமகள் எனச் சொல்லப்படும் ஒகுனி, 1603 அளவில் கியோட்டோவில் ஆடிய ஆட்டமே கபுகியின் ஊற்று என்பது மரபு. கோயிற்பணியோடு இணைந்த பெண் ஒருத்தி அரங்கக்கலைக்கு வித்திட்டாள் என்னும் இச்செய்தி தமிழ் ஆய்வாளருக்கு அயலானதன்று. 1629இல் பெண்கள் கபுகி மேடையேறத் தடை விதிக்கப்பட்டது. இளைஞர் நடித்த கபுகியும் 1652இல் தடை செய்யப்பட்டது. அதன்பின் வளர்ந்த ஆடவர் பெண்வேடம் புனையும் ‘ஒன்னகாத்தா’ மரபு உருப்பெற்றது. பெண் தொடங்கிய கலையிலிருந்து பெண் விலக்கப்பட்டாள். அவள் உருவம் மட்டும் ஆடவர் வழியே மேடையில் எஞ்சியது.

அச்சுப்படம் தனியொருவர் படைப்பன்று. பதிப்பாளர் முதலிட்டார், ஓவியர் கோட்டுரு வரைந்தார், செதுக்குநர் அதனைச் செர்ரி மரப்பலகையில் செதுக்கினார், அச்சுநர் வண்ணத்திற்கு ஒரு பலகையாகத் தாளில் தேய்த்து எடுத்தார். 1765இல் சுசுகி ஹருநொபுவின் படங்களோடு பலவண்ண அச்சு முழுமை பெற்றது. ட்சுத்தாயா ஜூசாபுரோ (1750–1797) என்னும் பதிப்பாளர் யொஷிவாரா நுழைவாயிலருகே கடை வைத்து, கணிகையர் இல்லங்களின் பெயர்ப்பட்டியலான வழிகாட்டி நூல்களை விற்றுத் தொழிலில் வளர்ந்தவர். கணிகையரை வரைந்த உட்டமாரோவும், 1794–95இல் ஏறத்தாழ பத்து மாதங்களே இயங்கி மறைந்த ஷராக்குவும் அவரால் வெளிச்சம் பெற்றனர். ஷராக்கு வரைந்த கபுகி நடிகர் முகங்கள், பெண்வேடத்தின் பின்னுள்ள ஆடவனையும் மறைக்காமல் காட்டின.

பெயர் தாங்கிய படம்

உகியோ-எ படங்களில் முகங்கள் பெரும்பாலும் ஒருபடித்தானவை. ஷராக்குவைப் போன்ற சிலரை விலக்கினால், ஓவியர் ஒருவர் வரைந்த பெண்கள் யாவரும் உடன்பிறந்தார் போலவே தோன்றுவர். அவர்களை வேறுபடுத்துவது படத்தின் மூலையிலுள்ள எழுத்தே. கணிகையின் பெயரும் அவள் சார்ந்த இல்லத்தின் பெயரும் அங்குப் பொறிக்கப்பட்டன. நடிகரை அவர் ஆடையிலுள்ள குடும்பச் சின்னம் அடையாளங்காட்டியது.

பெயரின் ஆற்றலை அரசு நன்கு உணர்ந்திருந்தது. 1790இல் படங்களுக்குத் தணிக்கை முத்திரை கட்டாயமாயிற்று. 1793இல் கணிகையரல்லாத பெண்களின் பெயர்களைப் படத்தில் பொறிக்கத் தடை வந்தது. தேநீர்க்கடைப் பெண்களைப் பெயரோடு வரைந்து வந்த உட்டமாரோ, பெயரைப் பொருட்களின் படங்களாக்கி விடுகதைபோல மூலையில் அமைத்தார். 1796இல் அவ்விடுகதைப் படங்களும் தடைசெய்யப்பட்டன. 1804இல் தொயொதொமி ஹிதெயொஷியை வரைந்ததற்காக உட்டமாரோ கைவிலங்கிடப்பட்டார். 1842இன் சீர்திருத்த ஆணைகள் நடிகர், கணிகையர் படங்களையே விலக்கின. சில ஆண்டுகளில் அத்தடை தளர்ந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. படத்திலுள்ள பெயர் அப்பெண்ணின் இயற்பெயரன்று, தொழிற்பெயர். ஓகியா இல்லத்தின் ஹனாஓகி என்னும் பெயரை ஒருவர்பின் ஒருவராகப் பலர் தாங்கினர். பெயர் இல்லத்தின் சொத்து. பெண் அதன் தற்காலிகச் சுமைதாங்கி. அப்பெண்களுள் பலர் சிறுவயதில் வறுமையால் பெற்றோரால் ஒப்பந்தத்தில் விடப்பட்டவர்கள். கடனும் நோயும் அவர்களைச் சூழ்ந்தன. யொஷிவாராவுக்கு அண்மையிலுள்ள ஜோகன்-ஜி ஆலயத்திற்கு ‘வீசியெறியும் கோயில்’ என்னும் பெயர் வழங்கியது. உரியோர் இல்லாமல் இறந்த கணிகையரின் உடல்கள் அங்குக் கொண்டுவந்து விடப்பட்டமையே காரணம். அச்சுப்படத்தின் பட்டாடைக்கும் அவ்வாலயத்தின் புதைகுழிக்கும் இடையிலுள்ள தொலைவை ஆய்வாளர் மறத்தலாகாது.

தமிழகத்தில் கல்லும் தாளும்

தமிழக மரபில் பெயர்ப்பதிவு தாளுக்கு வெகுமுன்னரே கல்லில் நிகழ்ந்தது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் ஏறத்தாழ 1014இல் பொறித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பட்டியலிடுகிறது. ஒவ்வொருவரின் பெயர், அவர் எக்கோயிலிலிருந்து வந்தவர், எத்தெருவில் எத்தனையாவது வீட்டினர் என்னும் விவரங்கள் அதில் உள்ளன. ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்னும் பங்கும் குறிக்கப்பட்டுள்ளது. முகமில்லாத பதிவு அது. ஆயினும் பெயரும் முகவரியும் ஊதியமும் உடைய பதிவு.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் தஞ்சை ஓவியர்கள் ஐரோப்பியர் பொருட்டு வரைந்த கம்பெனி ஓவியத் தொகுதிகளில் நிலை தலைகீழாயிற்று. அங்கு ஆடற்பெண்ணுக்கு முகமும் அணியும் உண்டு, பெயர் இல்லை. சாதிகளையும் தொழில்களையும் வகைப்படுத்திக் காட்டுவதே அத்தொகுதிகளின் நோக்கமாதலின், அவள் ஒரு ‘வகை’யின் மாதிரியானாள். பின்வந்த ஒளிப்பட அஞ்சலட்டைகளும் அவளைப் பெரும்பாலும் ‘நாட்டியப்பெண்’ என்னும் பொதுப்பெயராலேயே குறித்தன.

இதற்கு மாறான சான்று கடல்கடந்து கிடைப்பது வியப்புக்குரியது. கடலூரை அடுத்த திருவேந்திபுரத்திலிருந்து 1838இல் பாரிசு சென்ற தேவதாசியர் குழுவினரைப் பிரெஞ்சு இதழ்கள் பெயர் சொல்லி எழுதின. அவர்களுள் அம்மணி என்பவரைச் சிற்பி ழான் ஒகுஸ்த் பார் வெண்கலத்தில் வடித்தார். அவரை வியந்து பார்த்த நகரம், ஓர் அரங்கக்கலைஞருக்குரிய முறையில் பெயரையும் உருவையும் இணைத்தது. தாயகத்தில் அவர் பெயரை எவ்வச்சுப்படமும் தாங்கியதாகத் தெரியவில்லை.

தமிழ் அச்சில் மரக்கட்டைப் படம் இல்லாமலில்லை. ‘பெரிய எழுத்து’ நூல்களிலும் குஜிலி நூல்களிலும் அச்சிடப்பட்ட கோட்டுப்படங்கள் மரக்கட்டையில் செதுக்கப்பட்டவையே. ஆனால் அவை கதைக்குத் துணையாக வந்தவை. ஒரே கட்டை பல நூல்களில் பல பாத்திரங்களுக்குப் பயன்பட்டதும் உண்டு. தனியாள் ஒருவரின் உருவைத் தனித்தாளில் வாங்கிச் சுவரில் ஒட்டும் வழக்கம் அந்த அச்சிலிருந்து பிறக்கவில்லை. தாசியரைப் பற்றிய குஜிலிப் பாட்டுகள் பலவும் மைனர்களை எச்சரிக்கும் போக்கிலேயே அமைந்தன. யொஷிவாரா வழிகாட்டி அழைத்தது. குஜிலிப் பாட்டு விலக்கியது. நோக்கம் வேறாயினும், இரண்டும் ஆடவர் கண்வழியே அப்பெண்ணைக் கண்டன.

தணிக்கை இங்கும் இருந்தது. நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1876இல் வந்தது. தஞ்சை மராத்திய அரசவையைச் சார்ந்த முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனமு’ நூலைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் எனக் கூறி அரசு அதனைத் தடைசெய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. கணிகையர் குலத்தில் பிறந்த பெண், அதே மரபின் முன்னோடிப் புலவரை அவர் பெயராலேயே அச்சேற்ற முயன்ற நிகழ்வு இது. எடோவில் ஆடவர் நடத்திய அச்சுத்தொழில் கணிகையின் பெயரை விற்றது. சென்னை மாகாணத்தில் பெண்ணொருத்தி தன் மரபின் பெயரைத் தானே அச்சிட முனைந்தபோது அது தடைக்குள்ளாயிற்று. இவ்வேறுபாடு இவ்வொப்பீட்டின் முக்கியமான திருப்பமாகும்.

நோட்டீசில் தோன்றிய பெயர்

உகியோ-எவுக்கு இணையான பணியைத் தமிழகத்தில் ஓரளவு செய்தவை நாடக நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களுமே. கும்பகோணம் பாலாமணி அம்மாளின் நாடகக்குழு புகழ்பெற்றிருந்த காலத்தில் அவர் பெயரே கூட்டத்தை ஈர்த்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்தில் சிறுவர் நாடகக் குழுக்கள் பெருகின; அவற்றில் பெண்வேடத்தைச் சிறுவரே புனைந்தனர். கபுகியின் ஒன்னகாத்தாவோடு இதனை ஒப்பிடலாம். எனினும் தமிழகத்தில் அரசாணை எதுவும் பெண்ணை மேடையிலிருந்து நீக்கவில்லை. ஸ்பெஷல் நாடக மரபில் பல ஊர் நடிகர்கள் ஒரு மேடையில் சந்தித்து நடித்தனர். ஆகவே யார் யார் நடிக்கின்றனர் என்பதை அறிவிக்கும் நோட்டீசு இன்றியமையாததாயிற்று. கதை எல்லோரும் அறிந்தது. மக்கள் நடிகரின் பெயருக்காகவே வந்தனர். கபுகிப் படம் விற்றதற்கும் காரணம் இதுவே.

கொங்கு நாட்டில் இவ்வச்சுப்பண்பாடு திரைப்படத்தோடு கைகோத்தது. 1905இல் படக்கருவி வாங்கி ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிய கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942), 1914இல் அந்நகரில் வெரைட்டி ஹால் அரங்கை அமைத்தார். அச்சகமும் நடத்தினார். மாட்டுவண்டியில் வாத்தியம் முழங்க நோட்டீசு வீசிச்செல்லும் காட்சி அக்காலச் சிற்றூர்களுக்குப் பழகிய ஒன்று.

கொடுமுடியின் சான்று

காங்கேயத்திற்குக் கிழக்கே காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் சுந்தராம்பாள். அவர் பெயரின் முன்னெழுத்துகளே ஆய்வுக்குரியன. ‘கே’ ஊரைக் குறிக்கும். ‘பி’ தாய் பாலாம்பாளைக் குறிக்கும். தந்தை பெயரை முன்னெழுத்தாக்கும் பொதுவழக்கிலிருந்து விலகி, ஊரும் தாயும் அவர் பெயரில் நிலைத்தன. எடோவின் கணிகைப்பெயர் இல்லத்துக்கு உரியது. கொடுமுடிப் பெண்ணின் பெயரோ அவர் பிறந்த மண்ணுக்கும் பெற்றவளுக்கும் உரியது. நோட்டீசு, இசைத்தட்டு, திரைப்பட விளம்பரம் என எதில் அச்சேறினும் அப்பெயர் மாறவில்லை.

வறுமையில் வளர்ந்து, இளமையிலேயே நாடகக்குழுவில் சேர்ந்து, இலங்கையிலும் தமிழகத்திலும் புகழ்பெற்றவர் அவர். எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933) அவரும் இணைந்து நடித்த வள்ளி திருமணம் போன்ற நாடகங்களில் இருவர் பெயரும் ஒருங்கே நோட்டீசில் நின்றதே வசூலுக்கு உறுதியாயிற்று. கிட்டப்பாவின் மறைவுக்குப்பின் 25 வயதில் வெள்ளாடை பூண்டார். ஆடவரோடு இணையாக நடிப்பதைத் தவிர்த்தார். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக ஆண்வேடம் ஏற்றார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்ட செய்தி. ஆடவன் பெண்ணாக மாறும் ஒன்னகாத்தாவுக்கு நேர்மாறான நிலை இது. 1953இல் வந்த ‘ஔவையார்’ அவர் முகத்தைத் தமிழர் மனத்தில் ஔவையின் முகமாகவே நிறுவியது.

இவ்விடத்தில் தமிழ் மரபின் தனித்தன்மை புலப்படுகிறது. எடோவில் நடிகர் பாத்திரத்தை ஏற்றாலும் படம் நடிகரையே விற்றது. தமிழகத்தில் நடிகை தெய்வத்தன்மையுள்ள பாத்திரத்தில் கரைந்தபோதே அவர் உருவம் வீட்டுச் சுவருக்கு ஏற்றதாயிற்று. ஆயினும் சுந்தராம்பாள் அதில் தம்மை இழக்கவில்லை. வெள்ளாடையும் திருநீறும் அவரே தேர்ந்த அடையாளங்கள். சட்ட மேலவை உறுப்பினர் என்னும் பொதுவாழ்வுத் தகுதியும் அவருக்கு வாய்த்தது. தம் உருவம் எவ்வாறு காணப்பட வேண்டும் என்பதைத் தாமே வரையறுத்த நடிகையாக அவரைக் கொள்ளலாம்.

திரைச்சீலையிலிருந்து நாட்காட்டிக்கு

நாடகத்தின் காட்சித்திரைகளை எழுதியவர்களே பின்னர் அச்சுப்படங்களை வரைந்தனர் என்பது மற்றொரு முக்கியச் செய்தி. சி. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப்பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை இரமணாசிரமத்தில் சிலகாலம் தங்கி, பின் நாடகக்குழுவின் திரைச்சீலை ஓவியரானார். 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டு, மாணவர்களோடு தெய்வப் படங்களை வரைந்தார். அருகிலிருந்த சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாட்காட்டிகளாகத் தமிழகமெங்கும் பரப்பின. அப்படங்களில் தெய்வம் நேர்நோக்கி நிற்கும் நிலை, பின்னணியில் தூண்களும் திரையும் அமைந்த பாங்கு, முகத்தின்மேல் விழும் ஒளி ஆகியவை நாடக மேடையின் சாயலுடையவை.

ஜப்பானில் டோரி மரபு ஓவியர்கள் கபுகி அரங்குகளின் பெயர்ப்பலகைகளை எழுதியவர்கள். அவர்களே நடிகர் படங்களையும் அச்சேற்றினர். இரு நாடுகளிலும் மேடைக்கும் அச்சுக்கும் பாலமாக நின்றவர் ஒரே கைவினைஞரே. வேறுபாடு விளைவில் உள்ளது: அங்கு மேடை நடிகர் படமாகத் தாளில் இறங்கியது, இங்கு மேடை தெய்வப்படமாக இறங்கியது. நடிகையின் நிலையும் நோக்கும் அணியும் படத்தில் தங்கின. பெயர் மட்டும் தெய்வத்தின் பெயராயிற்று.

சீர்திருத்தமும் மறதியும்

பெயர் மறைந்ததற்குச் சீர்திருத்தக் காலச் சூழலும் ஒரு காரணம். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய சட்ட நடவடிக்கைகள், 1947ஆம் ஆண்டுச் சென்னைத் தேவதாசிச் சட்டத்தில் நிறைவெய்தின. பொட்டுக்கட்டும் வழக்கம் பல பெண்களுக்கு இழைத்த கொடுமையை அவ்வழக்கத்தினுள் வளர்ந்தவரே எழுதினர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) ‘தாசிகள் மோசவலை’ நாவலை 1936இல் வெளியிட்டார். ஈரோட்டிலிருந்து வெளிவந்த ‘குடி அரசு’ இதழ் இவ்விவாதத்திற்குக் கொங்கு மண்ணில் களம் அமைத்தது. அச்சு இங்கு அழகை விற்கும் கருவியாகாமல் வழக்காடும் கருவியாயிற்று. இது குறையன்று, எடோவின் கணிகைக்குக் கிட்டாத குரல் இது. ஆனால் அதன் பக்கவிளைவாக, பல குடும்பங்கள் தம் முன்னோரின் படங்களையும் நோட்டீசுகளையும் வெளிக்காட்டத் தயங்கின. கலையின் சான்று குடும்பத்தின் இரகசியமாயிற்று.

செய்யவேண்டுவன

மேற்கண்ட ஒப்பீடு மூன்று நடைமுறைக் கருத்துகளுக்கு இட்டுச்செல்கிறது.

முதலாவது, நோட்டீசைத் தனிச்சான்றாக அட்டவணைப்படுத்தல் வேண்டும். நாடகத்தின் பெயரால் மட்டும் பதிவுசெய்தால் நூறு நோட்டீசுகளும் ‘வள்ளி திருமணம்’ என்னும் ஒரே தலைப்பில் ஒடுங்கிவிடும். நடிகர் நடிகையர் பெயர், அவர்தம் ஊர், வேடம், அரங்கு, நாள், அச்சகம், நுழைவுக்கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே பதிய வேண்டும். ஜப்பானியப் படங்களைப் பதிவோர் ஓவியரையும் நடிகரையும் பதிப்பாளரையும் தணிக்கை முத்திரையையும் தனித்தனியே குறிப்பதால்தான் நாளில்லாத படத்திற்கும் காலம் கணிக்க முடிகிறது. அச்சகப் பெயரும் எழுத்துருவும் தமிழ் நோட்டீசுக்கும் அவ்வாறே உதவும்.

இரண்டாவது, பெயரை ஆளோடு உடனே சமப்படுத்தலாகாது. ஒரே மேடைப்பெயரைப் பலர் தாங்கியிருக்கக்கூடும். ஒருவரே ஊர்ப்பெயர் மாற்றி வழங்கப்பட்டிருக்கக்கூடும். ஹனாஓகி என்னும் பெயர் தரும் பாடம் இதுவே.

மூன்றாவது, அறம். நோட்டீசில் அச்சான பெயர் பொதுப்பதிவு; அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அக்கலைஞரின் பிறப்பையும் குலத்தையும் பற்றிக் குடும்பத்தார் நம்பிக்கையோடு கூறியவை பொதுப்பதிவு அல்ல. கலைஞரைக் கலைஞராகப் பதிவதற்கு அவர் ஆடிய மேடையே போதும். அவர்தம் வழித்தோன்றல்களை அடையாளங்காட்டுவதற்கு அவர்தம் ஒப்புதல் வேண்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தனியொருவர் திரட்டிய சிற்றச்சுகளும் ஆய்வுக்கு அடித்தளமாகும் என்பதற்குச் சான்று. காங்கேயம், தாராபுரம், கொடுமுடி வட்டாரங்களில் பழைய வீடுகளின் பரணிலும் கணக்கேடுகளின் இடையிலும் எஞ்சியுள்ள தாள்களைத் தேடுவது கொங்கு வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் மாணவர் களப்பணியாகவே மேற்கொள்ளத்தக்கது.

முடிவுரை

எடோவின் மரக்கட்டை அச்சு கணிகையர்க்கும் நடிகர்க்கும் பெயரையும் உருவையும் ஒருங்கே அளித்தது. ஆயினும் கணிகையின் பெயர் அவளுக்கு உரியதாக இருக்கவில்லை. தமிழகத்தில் கல்வெட்டு பெயரைக் காத்தது. கம்பெனி ஓவியம் முகத்தைக் காத்தது. நாடக நோட்டீசு மீண்டும் பெயரை அளித்தது. நாட்காட்டி மேடையின் நிலையைத் தெய்வத்திற்கு வழங்கியது. இவை ஒன்றுசேர்ந்த அரிய இடமாகக் கே.பி. சுந்தராம்பாளின் கலைவாழ்வு அமைகிறது. அவரளவு புகழ் பெறாத, அவரோடு ஒரே மேடையில் நின்ற பெண்கள் பலர். அவர்களது பெயர்கள் இன்று நோட்டீசின் கீழ்வரிகளில் மட்டுமே உள்ளன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்குக் கல் செய்ததை இவர்களுக்கு அட்டவணை செய்ய இயலும். அதற்கு, தாள் எஞ்சியிருக்க வேண்டும்.